தோட்டத்துப் பாட்டிக்கு மாதாமாதம் மருந்து எடுக்க வழி?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாக இருக்கிறார். வயது 74. இனிப்புநீர், பிரஷர் இரண்டும் உண்டு. மருந்துக்கு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போக வண்டியில்லை.

பதில்: அண்ணே, ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் எஸ்.பி.யு.பி. என்ற மருந்து வழங்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அடுத்த மாதங்களின் மருந்தைப் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே (அரசு சுகாதாரக் கிளினிக்) வாங்கலாம். சில மருந்து அங்கே இருப்பில் இருக்காது. முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பதில்: பழைய பாக்கெட்டுகளையும் பாருங்கள், அதுதான் ஆபத்து. ஒரே மாத்திரை வேறு பெயரில், வேறு நிறத்தில் வரும். பாட்டி இரண்டையும் விழுங்கிவிடுவார். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கவுண்டரில் காட்டுங்கள். இன்சுலின் என்றால் ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைக்கவே கூடாது. உறைந்தால் வீண்.

பதில்: பிரஷர் பார்க்குமுன் 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பேச்சு வேண்டாம். காலை, இரவு இரண்டிரண்டு தடவை, 7 நாள் பார்த்து எழுதி டாக்டரிடம் கொடுங்கள்.