'டு ஆல் தி பாய்ஸ்' 2: பீட்டரா ஜானா இருக்கட்டும், ஜென்னைக் கவனித்தீர்களா?

'டு ஆல் தி பாய்ஸ்' நெட்ஃபிக்ஸின் பள்ளிக் காதல் படத் தொடர். அதன் இரண்டாம் பாகத்தை (2020) நாயகி லாரா ஜீன், காதலன் பீட்டர், புதிதாக வரும் ஜான் என்ற முக்கோணக் காதலாக நினைத்துப் பார்த்தால் பாதிப் படம் கைநழுவிப் போகும். லாரா ஜீன் கடைசியில் பீட்டரிடம்தான் வருவாள், அதில் சஸ்பென்ஸ் ஒன்றும் கிடையாது. முடிச்சு இருப்பது அவளுக்கும், பீட்டரின் முன்னாள் காதலி ஜென்னுக்கும் நடுவில் அறுந்துபோன சிநேகிதத்தில். பார்க்கும் முன் முதல் பாகத்தில் (2018) இரண்டு விஷயங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: ஏழாம் வகுப்பில் பாட்டிலைச் சுழற்றி முத்தமிடும் விளையாட்டில் லாரா ஜீனுக்கு பீட்டரோடு நேர்ந்த முத்தம், பனிச்சறுக்குப் பயணத்தில் அவர்கள் இருவரும் ஹாட் டப்பில் (வெந்நீர்த் தொட்டியில்) இருந்தபோது ரகசியமாக எடுத்த வீடியோ. லாரா ஜீனும் ஜென்னும் மனம்விட்டுப் பேசும் மர வீட்டுக் காட்சி நிற்பதே இவற்றின் மேல்தான்.

சின்ன வயதில் புதைத்த பெட்டியைத் தோண்டும்போது ஜென் வைத்த நட்புக் கயிறு வெளியே வருகிறது. பிறகு அதே மர வீட்டில் இருவரும் பேசுகிறார்கள். ஜென்னின் அப்பா அம்மா பிரிகிறார்கள், பீட்டர் அவளோடு இருந்தது அதற்காக என்று அங்கேதான் தெரிகிறது. அதற்காக ஜென்னை வெள்ளையடித்துவிடவும் இல்லை. வீடியோ எடுத்தது அவள்தான்.

*

காட்சி நல்ல காட்சி. ஆனால் அவசரம். படத்துக்கு மூலமான ஜென்னி ஹானின் நாவலில் (2015) பழைய கூட்டாளிகள் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடுவார்கள்: தனக்கு விழுந்த பெயருக்குரிய ஆளை அவுட் ஆக்க வேண்டும், ஜெயிப்பவருக்கு ஓர் ஆசை நிறைவேறும். படத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். முறிந்த நட்பைக் காட்ட இருவரையும் திரும்பத் திரும்ப எதிரெதிரே நிறுத்த ஒரு சாக்கு வேண்டும். அது இல்லாததால் ஜென் நடுப்பகுதியில் காணாமல் போகிறாள், எல்லாவற்றையும் ஒரே உரையாடலில் கொட்ட வேண்டியதாகிறது.

இன்னொன்று. பீட்டர் மறைப்பது இரண்டு ரகசியங்கள். ஜென் வீட்டுப் பிரச்சினையை அவன் சொல்லாதது நியாயம், அது அவளுடைய விஷயம். வீடியோ எடுத்தது யார் என்று தெரிந்தும் வாயைத் திறக்காதது நியாயமே இல்லை. படம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. பீட்டரும் லாரா ஜீனும் போடும் சண்டைக் காட்சி குழப்பமாகத் தெரிவது அதனால்தான்.

*

லாரா ஜீனின் தோழி கிறிஸ் ஜென்னுக்கு உறவுக்காரி, கசின். சமாதானத் தூது போக அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவளையோ டிரெவரோடு ஒரு காதல் கிளைக்கதைக்கு அனுப்பிவிட்டார்கள்! லாரா ஜீனிடம் தோழிபோல வெளிப்படையாகப் பேசுவது லாரா ஜீன் தன்னார்வலராகப் போகும் முதியோர் இல்லத்து ஸ்டார்மி (ஹாலந்து டெய்லர்)தான்.

முதல் பாக கிரெடிட் நடுவே வாசலில் வந்து நிற்கும் ஜான் வேறு நடிகர். இதில் ஜார்டன் ஃபிஷர். குழம்ப வேண்டாம்.

மர வீட்டுப் பேச்சின் பலன் மூன்றாம் பாகத்தில் (2021) கிடைக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நியூயார்க் போகும்போது, ராத்திரி சுரங்க ரயிலில் இளஞ்சிவப்பு சோபாவை ஏற்றிக்கொண்டு போகும் கூட்டத்தில் ஜென்னும் லாரா ஜீனும் இருக்கிறார்கள்.