கொழுந்து பறிக்கும் அம்மாவின் மூக்குக்கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கிறது: பிரேமை மாற்றுவதா, வளைத்துச் சரிசெய்வதா?

ஹட்டன் மகள் (கேள்வி)

வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 54. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து, கீழே கோடு போட்ட வில்லை உள்ள கண்ணாடியை எட்டு மாதங்களுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் வாங்கினோம். பொன்னிற முலாம் பூசிய உலோகப் பிரேம். காதுக்கம்பியின் உட்புறத்தில் 54, சிறு சதுரம், 16, அதன் பிறகு 135 என்று எழுதியிருக்கிறது.

குனிந்து பறிக்கும்போது கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிடுகிறது. இரண்டு கையிலும் கொழுந்து இருப்பதால் தோள்பட்டையால் அதை மேலே தள்ளிவிடப் பழகிக்கொண்டிருக்கிறார். இப்போது ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. மூக்கில் பதியும் திண்டுகளைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது. அந்த இடத்தில் தோல் சிவந்து அரிக்கிறது என்கிறார். கடைக்கு எடுத்துச் சென்றபோது கம்பியைச் சற்று அழுத்திக் கொடுத்தார்கள், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. இதற்கு முன்பிருந்த பிளாஸ்டிக் பிரேமை அப்பா ஒரு மார்கழிக் காலையில் வீட்டிலேயே வளைக்கப் பார்த்தபோது அது டப்பென்று இரண்டாக முறிந்தது.

ஒவ்வொரு முறை நகரத்துக்குப் போனாலும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். எனவே வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, அல்லது வேறு பொருளில் பிரேம் வாங்குவதுதான் வழியா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கண்டிப் பட்டறை

தங்கச்சி, நான் பத்தொன்பது வருடங்களாகக் கண்ணாடிப் பட்டறையில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. பச்சைப் படிவும் அரிப்பும் பிரேமின் உலோகத்தால் வருபவை. வழுக்குவதும் சாய்வதும் பொருத்தத்தால் வருபவை. பொருளை மட்டும் மாற்றிவிட்டுப் பொருத்தத்தைக் கவனிக்காவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அம்மா தோள்பட்டையால் தள்ளிக்கொண்டுதான் இருப்பார்.

முதலில் உலோகம். மலிவான பொன்னிறப் பிரேம்களில் பெரும்பாலானவை மொனெல் என்ற கலப்புலோகத்தில் செய்யப்படுபவை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதியில் பெரும்பகுதி செம்பு. முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வையும் தோலின் எண்ணெயும் செம்போடு சேர்ந்து உண்டாக்குவதே அந்தப் பச்சைக் களிம்பு. கோயில் செம்புக் குடத்தில் நாம் பார்ப்பதும் அதே வகைதான். திண்டுகளைக் கழற்றி, சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பற்தூரிகையால் தேய்த்தால் களிம்பு போய்விடும். மஞ்சளாகிப்போன திண்டுகளைத் திரும்பப் போடாமல் புதிய சிலிக்கோன் திண்டுகளைப் போடுங்கள். விலை மிகக் குறைவு. ஆனால் சிவப்பும் அரிப்பும் திண்டு படும் இடத்தில் மட்டுமல்லாமல், கம்பி உரசும் கன்னப்பொட்டிலும் காதுக்குப் பின்னாலும் இருக்குமானால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியானால் இந்தப் பிரேமைத் தொடர்ந்து அணிய வேண்டாம், தோல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இனிப் பொருத்தம். 54 என்பது ஒரு வில்லையின் அகலம், 16 என்பது இரண்டு வில்லைகளுக்கும் நடுவிலுள்ள மூக்குப் பால இடைவெளி, 135 என்பது காதுக்கம்பியின் முழு நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். உங்கள் அம்மாவின் முகம் ஒடுக்கமானதென்றால் 54 அவருக்குப் பெரிது. அகலமான பிரேம் கன்னப்பொட்டைத் தொடாமல் தள்ளி நிற்கும். அப்போது முழுப் பாரத்தையும் மூக்கே சுமக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி வழுக்கினால் எல்லோரும் மூக்குப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழு கண்ணாடிகளுக்குக் குறை காதுக்குப் பின்னால்தான் இருக்கும். கம்பி காதின் உச்சியைக் கடந்ததும் உடனே கீழ்நோக்கி வளைய வேண்டும். அந்த வளைவு ஒரு விரல் தூரம் தள்ளி ஆரம்பித்தால், வளைவு காதைப் பிடிக்கும் வரை கண்ணாடி முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவைக் கண்ணாடியோடு உட்காரவைத்து, காதின் உச்சிக்கு நேரே கம்பியில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். வளைவு அந்தப் புள்ளியை ஒட்டியே தொடங்க வேண்டும். கம்பியின் நுனி காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் மேட்டை அதன் வடிவத்திலேயே மெதுவாகத் தழுவி இறங்க வேண்டும். நுனி மட்டும் குத்தினால் புண்ணாகும். உங்கள் கடையில் செய்தது போலக் கம்பிகளை இரு பக்கமும் உள்ளே அழுத்திக் கொடுப்பது சோம்பேறி வைத்தியம். தலை முன்னிருந்து பின்னுக்கு அகன்று செல்வதால், அழுத்தம் கூடக் கூடக் கண்ணாடி முன்னாலேதான் தள்ளப்படும்.

சாய்வுக்கு ஒரு சோதனை இருக்கிறது. மேசையின் மீது கண்ணாடியைத் தலைகீழாக, கம்பிகளை விரித்தபடி வையுங்கள். இரண்டு கம்பிகளும் மேசையைத் தொட வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் அதுதான் கோணியது. அணிந்து பார்க்கும்போது வலது வில்லை உயர்ந்து நின்றால் வலது கம்பியைப் பிணைச்சலுக்கு அருகில் சற்று மேல்நோக்கி வளைக்க வேண்டும். தாழ்ந்து நின்றால் கீழ்நோக்கி. காது இருந்த இடத்திலேயே இருப்பதால், கம்பி மேலே போகப் போக அந்தப் பக்கத்து முன்பகுதி கீழே இறங்கும். இது தலைகீழாகத் தோன்றுவதால் பலரும் எதிர்ப்பக்கம் வளைத்துவிட்டு, முன்பைவிட மோசமாக்கிக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். அதேபோல ஒரு வில்லை மற்றதைவிடக் கண்ணுக்கு நெருக்கமாக நின்றால் அந்தப் பக்கத்துக் கம்பியை உள்ளே கொண்டுவர வேண்டும். விலகி நின்றால் வெளியே விட வேண்டும். எல்லாருக்கும் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஆகவே மேசை ஆரம்பம்தான், தீர்ப்பு முகத்தில்.

வளைக்கும்போது இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் பிணைச்சல் முன்பகுதியோடு சேரும் மூலையை இறுகப் பிடித்திருக்க வேண்டும். வலது கை மட்டுமே அசைய வேண்டும். இல்லையென்றால் விசை முழுவதும் பற்றவைத்த இடத்துக்கோ வில்லையின் ஓரத்துக்கோ போய்விடும். ஒரு முறைக்கு ஒரு மயிரிழை போதும். அணிந்து பார்த்துவிட்டு அடுத்த முறை.

தலவாக்கலை தொழிற்சாலை

கண்டி அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தோட்ட வேலைக்கு டி.ஆர். 90 என்ற நைலோன் வகைப் பிரேமையும் யோசிக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன். நான் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்திப் பகுதியில் வேலை செய்கிறேன். முதலில் என்னிடம் இருந்தது அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் வகைப் பிரேம்; பார்க்க அழகாக இருந்தது. ஒரு நாள் முகம் கழுவுவதற்காக அதைக் கழற்றி உலர்த்தியின் தகட்டின் மேல் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கம்பி இரண்டும் வாழைப்பழத் தோல் போல விரிந்திருந்தன. அதைக்கூட நிமிர்த்திவிடலாம், ஆனால் வில்லையின் மேல் பூச்சு முழுவதும் வறண்ட குளத்தின் சேறு போல நுண்ணிய வெடிப்புகள். வெளிச்சத்துக்கு நேரே பார்த்தால்தான் தெரியும், ஆனால் போட்டுக்கொண்டால் எப்போதும் பனி மூட்டத்தில் நிற்பது போல இருக்கும். வில்லையை மாற்ற வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு வாங்கிய டி.ஆர். 90 மூன்று வருடமாக உழைக்கிறது. கீழே விழுந்திருக்கிறது, காற்சட்டைப் பையில் இருந்தபடியே அதன் மேல் உட்கார்ந்தும் இருக்கிறேன். எடை மிகக் குறைவு, துருவும் இல்லை, களிம்பும் இல்லை. ஒரே குறை, எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடுகிறது. வாங்கும்போது முகத்துக்குச் சரியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் கடவுள் விட்ட வழி.

பதுளை ஓய்வு

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். பிளாஸ்டிக் பிரேமாக இருந்தால் கொதித்த தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து வளைத்தால் எளிதாக வளையும். முப்பது வருடமாக நான் அப்படித்தான் செய்து வருகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கண்டிப் பட்டறை

ஐயா, மன்னிக்க வேண்டும், அதை மட்டும் அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் காலத்து வில்லைகள் பெரும்பாலும் மெய்யான கண்ணாடி, மேலே பூச்சும் இல்லை. இன்றைய வில்லைகள் பிளாஸ்டிக். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு அதன் மேல் இருக்கும். சூட்டில் வில்லை விரியும் அளவுக்குப் பூச்சு விரிவதில்லை. தலவாக்கலைத் தம்பி பார்த்த வெடிப்புக்கு அதுதான் காரணம். அசிட்டேட் இளகுவதற்குக் கொதிநீர் தேவையும் இல்லை, 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை போதும். அதாவது கையை விட்டால் பொறுக்க முடியாது, ஆனால் ஆவி பறக்காது என்ற பதம். அதிலும் காதுக்கம்பியின் வளையும் பகுதியை மட்டும் நனைக்க வேண்டும். வில்லை தண்ணீரைத் தொடக்கூடாது. வளைத்த பிறகு குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் அந்த வடிவிலேயே நிற்கும்.

தங்கச்சியின் அப்பாவிடம் முறிந்த பிரேமுக்கு இதற்கு நேர் எதிரானது நடந்திருக்கிறது. அசிட்டேட் பருத்தியிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுக்கும் செலுலோசில் செய்யப்படுவது. இளகுவதற்காக அதில் ஓர் எண்ணெய்ப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். வருடங்கள் போக அந்தப் பொருள் வெளியேறி, மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்து, உள்ளே நொறுங்கும் தன்மை வந்துவிடும். அப்படிப்பட்ட பிரேமை மலையகத்து மார்கழிக் குளிரில், சூடாக்காமல் வளைத்தால் முறியத்தான் செய்யும். அப்பாவைக் குறை சொல்லாதீர்கள்.

உலோகக் கம்பியைச் சூடாக்க வேண்டியதில்லை. ஆனால் காதுக்குப் பின்னால் வரும் நுனியில் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். அந்த உறையை மட்டும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தோ, வெதுவெதுப்பான நீரில் பிடித்தோ வளையுங்கள். டி.ஆர். 90 பற்றித் தம்பி சொன்னது சரி. அதிகமாகச் சூடாக்கினால் அது சுருங்கியும் போகும். பிறகு வில்லை உள்ளே நிற்காது.

ஹட்டன் மகள்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் வீட்டில் இருந்ததால் எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். மேசையில் தலைகீழாக வைத்தபோது இடது கம்பி தொட்டது. வலது கம்பியின் கீழே அப்பியாசக் கொப்பியின் மட்டையே நுழைந்தது. ஏன் வலது பக்கம் மட்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவே காரணத்தைச் சொன்னார். கூடைக் கயிறு தலையிலிருந்து பின்னே இறங்கும்போது முக்காட்டுத் துணியோடு சேர்ந்து காதுக்கு மேலே கம்பியை அழுத்துகிறதாம். கூடை நிறைந்த பிறகு அவர் வலது பக்கமாகச் சாய்ந்து நடப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிதான் தினமும் கீழே வளைகிறது. வலது வில்லை உயர்ந்து நின்றதற்கும் அது ஒத்துப்போகிறது.

அண்ணன் சொன்னபடி மூலையைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை சிறிது சிறிதாக மேலே வளைத்தேன். பேனாப் புள்ளி வைத்தபோது வளைவு புள்ளியிலிருந்து முக்கால் அங்குலம் பின்னால் இருந்தது தெரிந்தது. இரு பக்கமும் அதைத் திருத்தினேன். இன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்து, கண்ணாடி இரண்டு தடவைதான் இறங்கியது என்றார். பச்சை போய்விட்டது. ஆனால் காதுக்குப் பின்னாலும் சிவப்பு இருப்பதை இப்போதுதான் கவனித்தோம். ஆகவே புதிய பிரேம் வாங்கத்தான் வேண்டும். டைட்டேனியம் நல்லதா?

கண்டிப் பட்டறை

கூடைக் கயிற்றை நான் யோசிக்கவே இல்லை. நகரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தோன்றாது.

டைட்டேனியம் நல்லதுதான். எஃகின் எடையில் ஏறத்தாழ பாதிக்குச் சற்று மேல், வியர்வைக்குத் துருப்பிடிக்காது, தூய டைட்டேனியத்தில் நிக்கல் இல்லை. ஆனால் அதே பெயர் சொல்லி விற்கும், முறுக்கினாலும் நிமிரும் பிரேம்கள் பல நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலந்தவை. அம்மாவுக்கு வாங்கும்போது அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, டைட்டேனியம் முறிந்தால் சாதாரணப் பட்டறையில் பற்றவைக்க முடியாது. விலை கட்டுப்படியாகாவிட்டால், நிக்கல் இல்லாத டி.ஆர். 90 முன்பகுதியோடு உலோகக் கையில் திருகாணி போட்ட திண்டுகள் உள்ள வகையைத் தேடுங்கள். திண்டு மட்டுமாவது வளைக்கலாம். இரண்டு திண்டுகளையும் நெருக்கினால் கண்ணாடி உயரும், விரித்தால் இறங்கும்.

வாங்கப் போகும்போது அம்மா முக்காட்டுத் துணியையும் கூடைக் கயிற்றையும் பையில் எடுத்துச் செல்லட்டும். கடையில் சிரித்தாலும் பரவாயில்லை. அவற்றைத் தலையில் போட்டுக்கொண்டே பிரேமைப் பார்க்க வேண்டும். கயிறு படும் இடத்தில் கம்பி மெல்லியதாகவும் தட்டையாகவும் இருந்தால் அழுத்தம் குறையும். பிரேமை முகத்தில் முழுமையாகச் சரிசெய்த பிறகே கிட்டப் பார்வைக் கோட்டின் உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் இந்த வரிசை மாறிவிடுகிறது. வழக்கமாகக் கோடு கீழ் இமையின் ஓரத்துக்கு நேரே வரும். சரிவில் கால் வைத்து இறங்குபவருக்கு அதைவிட இரண்டு மில்லிமீற்றர் தாழ்த்தி வைக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும்.