ஊதியமில்லாத ஆறு மாதம்: பாங்கொக் போவதா, வாவிக்கரையில் நிற்பதா?

கொக்கட்டிச்சோலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் விவசாய பீடத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். வாவியோரக் கண்டல் (அலையாத்தி) மரங்களின் மீள்நடுகைதான் என் ஆய்வுப் பொருள். வெளிநாட்டு உள்ளகப் பயிற்சிக்காக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கிலிருந்து பதிலே வரவில்லை. ஐந்தாவதாக, பாங்கொக்கில் இயங்கும் ஒரு சர்வதேச அலுவலகம் நேர்காணல் நடத்தி, நிலைபேறான அபிவிருத்திப் பிரிவில் ஆறு மாதப் பயிற்சிக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறது. கரையோரப் பாதுகாப்புப் பற்றிய ஓர் அறிக்கைக்குத் தரவு திரட்டுவதே வேலை.

ஊதியம் இல்லை. விமானச் சீட்டு, வீசா, அறை வாடகை, சாப்பாடு, காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய் வருகிறது. அப்பா ஒன்றரை ஏக்கர் வயலை ஈடு வைக்கலாம் என்கிறார். அம்மா ஒன்றும் பேசாமல் நேற்று இரவு அலுமாரியைத் திறந்து, என் சாமத்தியத்துக்குச் செய்த காப்புகளைத் துணியில் சுற்றி மேசையில் வைத்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பத்து நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். போய் வந்தவர்களும், போகக் கூடாது என்று நினைப்பவர்களும் மனம் திறந்து சொல்லுங்கள்.

உன்னிச்சைக் குளம்

மகள், முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இந்த மாவட்டத்தில் வேலை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வயலை ஈடு வைத்து ஒருவருக்கும் சும்மா உழைக்கப் போக வேண்டாம். ஐக்கிய நாடுகள் செயலகமே தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் கொடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2015-இல் ஜெனீவாவில் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் வாடகை கொடுக்க வழியின்றி ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய செய்தி உலகம் முழுக்க வந்தது. ஏற்றத்தாழ்வைக் குறைப்பதை நிலைபேறான அபிவிருத்திக்கான 17 இலக்குகளில் ஒன்றாக எழுதி வைத்திருப்பவர்கள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் நுழையக்கூடிய வாசலை வைத்திருப்பது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத விடயம்.

அடுத்தது, நீங்கள் படிக்கும் கண்டல் பற்றியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2017-இல் வெளியானது. அவற்றில் ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நீர் மட்டத்துக்குப் பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பின் கவனிக்காததும், மாடு மிதித்ததும்தான் காரணங்கள். கன்று நட்ட நாளில் படம் எடுக்க ஆள் இருந்தது, பட்டி மாடுகள் இறங்கிய நாளில் விரட்ட ஆள் இருக்கவில்லை. அதற்கு மருந்து பாங்கொக்கில் கிடையாது. மூன்று மாரி, மூன்று கோடை இங்கேயே நின்று பார்க்கிற ஒரு பிள்ளைதான் அதற்கு மருந்து.

எங்கள் வாவியே பெரிய பாடம். மாரியில் வெள்ளம் ஏறும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணலை எப்போது வெட்டிவிடுவது என்று ஒவ்வொரு வருடமும் பிரச்சினை வருகிறது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை விவசாயி வயல் அழுகும் முன் வெட்டு என்கிறான். மீனவன், அவசரப்பட்டு வெட்டினால் இறாலும் மீன்குஞ்சும் கடலோடு போய்விடும் என்கிறான். இருவர் சொல்வதும் உண்மை. இந்த இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, நீர்மட்டத்தை அளந்து காட்டிப் பேசக்கூடிய ஆள் எங்களுக்கு வேண்டும். 2005-இல் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் வீடிழந்து இருந்த சனத்திடம் வெளிநாட்டுப் பிள்ளைகள் வினாக்கொத்தோடு வந்து, ஒரே கேள்வியை நாலு முறை கேட்டுப் போனார்கள். நாங்கள் பிறருடைய பயிற்சிக்குக் களமாக இருந்தது போதும்.

கல்லடிப் பாலம்

ஐயா சொல்வதில் முதற்பகுதியை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாம் பகுதியோடு உடன்பட முடியவில்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்.

நான் 2019-இல் நெதர்லாந்தில் பன்னிரண்டு வாரம் கரையோர முகாமைத்துவத்தில் பயிற்சி பெற்றேன். பரிமாற்றத் திட்டம் ஒன்றின் புலமைப்பரிசில் கிடைத்ததால் வீட்டுக் காசு போகவில்லை. ஏற்றுக்கொண்ட நிறுவனம் எடுத்துத் தரவேண்டிய பணி அனுமதி பிந்தியதால், வாங்கிய விமானச் சீட்டை ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. அனுமதி கையில் கிடைக்கும் வரை சீட்டு வாங்க வேண்டாம் என்பது அதில் நான் படித்த முதற்பாடம்.

ஹேக் நகருக்குத் தெற்கே, 2011-இல் 2 கோடியே 15 இலட்சம் கன மீற்றர் மணலைக் கடலோரத்தில் ஒரே இடத்தில் கொட்டி, காற்றும் அலையும் அதைக் கரை நெடுக எடுத்துச் செல்லும்படி விட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன். என் மனதில் பதிந்ததோ மணல் அல்ல. காலையில் ஏழு மணிக்கு, காது விறைக்கிற குளிர்க்காற்றில், என் மேற்பார்வையாளரான பெண் ஒருவர் ஓர் அளவுகோலை என் கையில் தந்து, மணற்குன்றின் அடியிலிருந்து நேர்கோட்டில் தண்ணீருக்குள் இடுப்பளவு வரை நடக்கச் சொன்னார். சில அடிக்கு ஒரு முறை நின்று கோலை நிலத்தில் ஊன்ற வேண்டும், இலக்கத்தை வாசித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. எதற்கு இது என்று கேட்டேன். தம் நாட்டுக் கரையை 1965 முதல் ஒவ்வொரு வருடமும் இப்படிக் கோடு கோடாக அளந்து வருவதாகச் சொன்னார். 1990-இல் கரையை ஒரு குறித்த கோட்டுக்குப் பின்னால் போக விடுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தபோது, அந்தக் கோட்டைத் தீர்மானிக்க அவர்களிடம் 25 வருடக் கணக்கு இருந்தது.

ஐயா, இங்கே நின்று பார்க்கிற ஆட்கள் எங்களிடம் எப்போதும் இருந்திருக்கிறார்கள். என் தாத்தா கல்லடிக் கடலை அறுபது வருடம் பார்த்தவர். அவர் பார்த்தது அவரோடு போய்விட்டது, எழுதி வைக்க யாரும் இல்லை. பார்ப்பதை அளவாக மாற்றி, அடுத்தவர் கையில் கொடுக்கும் பழக்கத்தை நான் வெளியில்தான் கற்றேன். இங்கே இருந்தே அதைக் கற்றிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். கற்கவில்லை என்பதே உண்மை.

தங்கச்சி, விண்ணப்பம் பற்றியும் ஒரு சொல். எனக்கு முதல் ஏழு இடமும் கை நழுவின. ஊக்கக் கடிதத்தில், சிறுவயதிலிருந்தே இயற்கையில் ஆர்வமுடையவன் என்று எழுதியிருந்தேன். எட்டாவது கடிதத்தில், நாவலடி மணல்முனை ஒவ்வொரு மாரியிலும் எப்படி வடிவம் மாறுகிறது, அதை நான் ஒரு தென்னையிலிருந்து கயிறு பிடித்து எப்படி அளந்தேன், எந்த இடத்தில் என் அளவு பிழைத்தது என்று எழுதினேன். நேர்காணலில் அவர்கள் கேட்ட கேள்வி எல்லாம் அந்தப் பிழையைப் பற்றித்தான்.

ஒலுவில் காற்று

அஸ்ஸலாமு அலைக்கும். அம்பாறைக் கரையிலிருந்து நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் திறக்கப்பட்டது. எங்கள் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அலைதடுப்பு அந்த மணலை மறித்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டு வள்ளம் நுழைய முடியாமல் போக, வடக்கே ஒலுவில், நிந்தவூர் பக்கம் தென்னந்தோப்பும் காணியும் கடலுக்குள் போயின. எங்கள் வாப்பா தேங்காய் பறித்த மரங்கள் இருந்த இடத்தில் இன்று கல்லணை கிடக்கிறது.

உன்னிச்சை ஐயாவிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். அந்தத் துறைமுகத்துக்குரிய தடித்த அறிக்கைகள் மேசையில் இருந்தபோது, மணல் நகர்வு பற்றிய பக்கத்தைப் புரட்டி, இந்தக் கணக்கு யார் அளந்தது, எந்தப் பருவத்தில் அளந்தது என்று கேட்கத் தெரிந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் அல்லவா? அப்படியான அறிக்கை உருவாகும் அறைக்குள் ஆறு மாதம் இருந்து வருவது சிறிய காரியம் இல்லை.

ஆனால் கடன் பட்டுப் போவதை நானும் விரும்பவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் பயிற்சியாளருக்குப் படி கொடுக்கிறது, சர்வதேச தொழில் அமைப்பும் கொடுக்கிறது. ஆகவே படி கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. தங்கச்சி, உங்களைத் தெரிவு செய்த அலுவலகத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: படி ஏதும் உண்டா, ஆறு மாதத்தில் களத்தில் எத்தனை நாள், தொடக்கத் திகதியைப் பின்போடலாமா என்று. பாங்கொக்கிலிருந்து சிறிது தூரத்திலேயே, சமுத் பிரகான் கரையில், ஊர் முழுவதும் உள்ளே பெயர்ந்து போக ஒரு விகாரை மட்டும் கடல் சூழ நிற்கிறது. இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டியதும் அந்த அரிப்புக்கு ஒரு காரணம். அதைப் பார்க்காமல் அந்நகரில் ஆறு மாதம் கணினி முன் இருந்து வருவதானால் நானும் ஐயாவின் பக்கம் வந்துவிடுவேன்.

உன்னிச்சைக் குளம்

ஒலுவில் மகன், உங்கள் கேள்வி என்னை ஓர் இரவு முழுக்க யோசிக்க வைத்தது. கேட்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் போதுமா? 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் போதனாசிரியர்கள் கேள்வி கேட்டார்கள். இயற்கை விவசாயம் நல்லதுதான், ஆனால் ஒரு போகத்துக்குள் மாற முடியாது என்று மேலே எழுதினார்கள். நவம்பரில் தடையை நீக்கும் வரை யாரும் காது கொடுக்கவில்லை. பெரும்போகப் பயிர் வெளிறி நின்றதைப் பார்த்த எனக்கு, நிலைபேறு என்ற சொல் வயல் தெரியாதவர்கள் வாயில் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். கல்லடித் தம்பியிடமும் கேட்கிறேன்: படித்து வந்த அளவை இங்கே யார் கையில் கொடுத்தீர்கள்?

கல்லடிப் பாலம்

நேர்மையாகச் சொல்கிறேன். திரும்பி வந்து, மூன்று இடங்களில் கரையை அளக்கும் ஒரு சிறிய திட்டத்தை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கோவைக்குள் வைத்தார்கள், அதோடு சரி. பின்னர் ஒரு பாடசாலையின் உயர்தர மாணவர்கள் ஆறு பேரோடு கயிறும் மட்டக்கோலும் வைத்து நாங்களாகவே தொடங்கினோம். நாவலடியில் மட்டும் இப்போது நான்கு மாரிக் கணக்கு இருக்கிறது, ஒரு மாரி தவறிப்போனது. கொப்பி என் வீட்டில்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் தருவேன். இதைச் சாதனை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கொப்பியும் இருந்திருக்காது.

கொக்கட்டிச்சோலை மாணவி

எழுதிக் கேட்டேன், பதில் வந்துவிட்டது. படி இல்லை. களத்தில் இரண்டு நாள், மற்றதெல்லாம் அலுவலகத்தில். ஆனால் பட்டம் பெற்று ஒரு வருடத்துக்குள் தொடங்கினால் போதும், இடத்தை அடுத்த தொகுதிக்கு மாற்றித் தரலாம் என்கிறார்கள். மாற்றித் தரும்படி கேட்டுவிட்டேன். அந்த இடைவெளியில் படி கொடுக்கும் நிறுவனங்களுக்கும், பரிமாற்றத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். காசுக்கு வழி வந்தால் போவேன், வயல் மட்டும் ஈட்டுக்குப் போகாது. காப்புகளை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

புதிய ஊக்கக் கடிதத்தில் எழுத எனக்கென்று ஓர் அளவு வேண்டும். முகத்துவாரத்தை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கண்டல் நட்ட இடங்களில் நீர்மட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறேன். கல்லடி அண்ணன் கொப்பியைக் காட்டுவாரா? ஐயா, எந்த இடத்தில் கோல் நட்டால் சரி என்று உங்களைத் தவிர யாரிடம் கேட்பது?

உன்னிச்சைக் குளம்

ஊதியமில்லாமல் போவது பற்றி என் கருத்து மாறவில்லை மகள், ஆனால் இதற்கு வருகிறேன். மூன்று கோல் போதும்: ஒன்று பாலமீன்மடுவில், ஒன்று வலையிறவுப் பாலத்துக்கு அருகே, ஒன்று உங்கள் ஊர்ப் பக்கம். பூவரசங் கட்டை வேண்டாம், நட்ட இடத்தில் தளிர்த்துவிடும். காய்ந்த பாலைமரக் கட்டை என்னிடம் இருக்கிறது. ஒக்டோபர் மழை பிடிப்பதற்கு முன் நட்டுவிட வேண்டும். கல்லடித் தம்பியையும் கொப்பியோடு வரச் சொல்லுங்கள்.