6டி-க்கு ஃபோகஸிங் ஸ்க்ரீன்: ஸ்ப்ளிட் ப்ரிசமா, ஈஜி-எஸ்ஸா?

கேள்வி:
கேனன் 6டி-ல பழைய மேனுவல் 50எம்எம் எஃப் 1.4 லென்ஸ அடாப்டர் போட்டு யூஸ் பண்றேன். வியூஃபைண்டர்ல எதிர்ல இருக்கறவரோட கண்ணு பளிச்னு ஷார்ப்பா தெரியுது, கம்ப்யூட்டர்ல பெருசாக்கிப் பாத்தா ஃபோகஸ் காதுல போய் உக்காந்திருக்கு. பழைய ஃபிலிம் கேமரால வர்ற மாதிரி நடுவட்டம் ரெண்டா பிளந்து சேர்ற ஸ்ப்ளிட் ப்ரிசம் ஸ்க்ரீன் (வியூஃபைண்டர்ல படம் விழற தகடு) வாங்கலாமா, இல்ல கேனனோட ஈஜி-எஸ் ஸ்க்ரீன் போதுமா? 70-300 எஃப் 4-5.6 ஜூமும் அப்பப்ப மாட்டுவேன்.

பதில் 1:
கண்ணு மேல பழி போடாதீங்க. கேமராவோட வர்ற ஸ்க்ரீன் வெளிச்சமா தெரியணும்னே செஞ்சது, லென்ஸ 1.4-ல தொறந்து வச்சாலும் அது காட்டுற டெப்த் (ஷார்ப்பா தெரியற ஆழம்) கிட்டத்தட்ட எஃப் 2.8 அளவுதான், அதனால கண்ணும் காதும் சேந்தே ஷார்ப்பா தெரியும். சந்தேகம்னா அபர்ச்சர் ரிங்க 1.4-ல இருந்து 2-க்குத் திருப்பிப் பாருங்க, ஃபைண்டர்ல பெருசா ஒண்ணும் மாறாது. ஈஜி-எஸ்ஸோட மேட், அதாவது படம் விழற பக்கம், கொஞ்சம் சொரசொரப்பு, உண்மையான பிளர் தெரியும். ஆனா எஃப் 2.8, அதவிட வேகமான (இன்னும் அகலமா தொறக்கற) லென்ஸுக்குத்தான் அது லாயக்கு, உங்க ஜூம்ல இருட்டா இருக்கும். மாட்டினதும் கஸ்டம் ஃபங்ஷன்ல ஸ்க்ரீன் டைப்ப மாத்திடுங்க, மீட்டர் ஸ்க்ரீன் வழியா வர்ற வெளிச்சத்ததான் அளக்குது.

பதில் 2:
நான் ஸ்ப்ளிட் கட்சி 😀 ஜன்னல் கம்பி, சட்டை காலர்னு ஒரு கோடு கிடைச்சா போதும், டக்குனு சேந்துடும். ஆனா எஃப் 5.6 லென்ஸ் போட்டா வட்டத்துல பாதி கருப்பாயிடும், கண்ண நகத்தினா மறுபாதி கருக்கும், எரிச்சலா வரும். நடுவுல மட்டும் வெளிச்சம் அளக்கற ஸ்பாட் மீட்டரையும் நம்ப முடியாது, அந்த ப்ரிசம் உக்காந்திருக்கறதே நடுவுலதான. 6டி-க்கு கேனன் ஸ்ப்ளிட் போடல, வெளி ஆளுங்க செய்யறதுதான்.

பதில் 3:
எத வாங்கினாலும் உக்கார்ற உயரம் சரியா இருக்கணும். மவுண்ட்ல இருந்து மிரர் வழியா ஸ்க்ரீனுக்கு உள்ள தூரமும் சென்சாருக்கு உள்ள தூரமும் ஒண்ணா இருக்கணும், அதுக்குத்தான் மெல்லிசா ஷிம்னு ஒரு தகடு வைக்கிறாங்க. ட்ரைபாட்ல வச்சு, ஒரு நியூஸ்பேப்பர சாய்வா விரிச்சு, ஃபைண்டர்ல ஒரு வரிக்கு ஃபோகஸ் பண்ணிட்டு லைவ் வியூல 10 மடங்கு பெருசாக்கிப் பாருங்க. எப்பவும் ஒரே பக்கமா தள்ளிப் போச்சுன்னா ஷிம் கோளாறு, முன்னயும் பின்னயும் மாறி மாறிப் போச்சுன்னா ஸ்க்ரீன்ல சரியா தெரியலன்னு அர்த்தம். முதல்ல வியூஃபைண்டர் பக்கத்துல இருக்கற டயாப்டர் சக்கரத்த உங்க கண்ணுக்கு செட் பண்ணிடுங்க, பாதி பேரு அத தொடறதே இல்ல. மேட் பக்கம் கீழ, மிரரப் பாத்து இருக்கணும். விரல் படக்கூடாது, லென்ஸ் க்ளீனர் வேண்டவே வேண்டாம், அது பிளாஸ்டிக், ப்ளோயர் மட்டும்தான். தூசி விழுந்தா விட்டுடுங்க, படத்துல வராது.

கேள்வி கேட்டவர்:
அப்ப ஈஜி-எஸ்தான். ஜூம்ல ஆட்டோஃபோகஸ் கெடாதுல்ல?

பதில் 1:
கெடாது, ஏஎஃப் சென்சார் மிரருக்குக் கீழ தனியா இருக்கு, ஸ்க்ரீனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சாயந்திர வெளிச்சத்துல 300எம்எம்-ல ஃப்ரேம் பண்றதுதான் கஷ்டம், அப்ப பழசையே மாட்டிக்கங்க, டப்பாவ தூக்கிப் போட்டுடாதீங்க.