பின்மாறிப் போனவர் திரும்பி வந்தபோது நீங்கள் நேரில் கண்டது என்ன?

மாலைநட்சத்திரம்

எபிரெயர் 6-ஐ, அதாவது ஒருமுறை விசுவாசத்துக்குள் வந்து பிறகு மறுதலித்துப் போனவர்களை மறுபடியும் புதுப்பிக்க முடியாது என்கிற பகுதியை, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தம்பி எங்கள் சபையில் பாடல் குழுவை நடத்தியவன். அப்புறம் எல்லாவற்றையும் விட்டான். தேவன் இல்லை என்று வெளிப்படையாகப் பேசினான். பல வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவனாகவே வேதாகமத்தைக் கேட்டு வாங்கினான். பார்க்க வந்த ஒரு மூப்பரிடம், “எனக்குத் திரும்ப வழி இருக்கா ஐயா?” என்று கேட்டான். அவர் 4-ம் வசனத்தில் ஆரம்பித்து, “மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்” என்ற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மூடி, ஜெபம் பண்ணிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் தம்பி கேட்டான்: “அக்கா, அதுக்குக் கீழே என்ன இருக்கு?”

எடுத்து வாசித்தேன். 7-ல் மழையைக் குடிக்கிற நிலம். 8-ல் முள்செடி, “சுட்டெரிக்கப்படுவதே அதின் முடிவு.” எனக்குக் குரல் வரவில்லை. “நிறுத்தாதே” என்றான். 9-ம் வசனம்: “பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்.” இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். மறுபடியும் வாசித்தேன். அவன் தூங்கும்வரை அந்த ஒரே வசனம்தான்.

தம்பி பிழைத்துக்கொண்டான், சபைக்கும் வருகிறான். ஆனால் அந்த மூப்பர் இதே நிருபத்திலிருந்து எத்தனையோ பிரசங்கம் செய்தவர். 9-ம் வசனம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் 6-ல் நிறுத்தினார் என்பது என்னை இன்னும் குடைகிறது. இன்னொன்று: என் தம்பி இரட்சிப்பை இழந்து திரும்பப் பெற்றானா, அல்லது இழக்கவே இல்லையா? இப்படி ஒருவரை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கடைசிவரிசை

நான் பார்த்த ஆள் நானேதான்.

வாலிபர் முகாம், எழுப்புதல் கூட்டம், உபவாச ஜெபம், எதுவானாலும் “இன்றிரவு மரித்தால் எங்கே போவாய்?” என்று கேட்டதும் எழுந்து முன்னால் போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் உண்மையாகவே அழுதேன். ஒருமுறை முன்னால் நின்ற ஆலோசகர் ஒரு அட்டையைக் கொடுத்தார். அதில் இரண்டு கட்டம். ஒன்று, முதல்முறை கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறேன். மற்றது, என்னை மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தக் கட்டம் என்று தெரியவில்லை. முதல் கட்டம் என்றால் இதற்கு முன் நடந்ததெல்லாம் பொய். இரண்டாவது என்றால், நடுவில் என் பெயர் ஜீவபுஸ்தகத்தில், இரட்சிக்கப்பட்டவர்களின் பெயர் எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தில், இருந்ததா, இல்லையா?

“பிரதர், எதுல டிக் பண்ணட்டும்?” என்று கேட்டேன். அவர், “உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க” என்றார். பின்னால் வரிசை காத்திருந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் நித்தியத்தை என் தோன்றுதலிடம் விட்டார் என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

கிருபை_மட்டும்

மாலைநட்சத்திரம் சிஸ்டர், உங்கள் தம்பி இழக்கவில்லை. இழக்க முடியாது. “ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை” (யோவான் 10:28).

என் அனுபவம் சின்னது. என்னோடு வேதபாடம் படித்த ஒருவர் விசுவாசத்தை விட்டு, விட்டபடியே இறந்தார். அடக்கத்தின்போது அவருடைய அம்மா என் கையைப் பிடித்து, “அவன் அங்கே இருப்பானா?” என்று கேட்டார். என்னால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கர்த்தர் நியாயமானவர், இரக்கமுள்ளவர் என்று மட்டும் சொன்னேன்.

இந்தக் கேள்வி சபைக்குப் புதிதல்ல. 1610-ல் அர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரைப் பின்பற்றியவர்கள் ஐந்து தீர்மானங்கள் எழுதினார்கள். மெய்யான விசுவாசி கிருபையை விட்டு விழ முடியுமா என்பதை ஐந்தாவதில் அவர்களே முடிவு செய்யாமல், வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டார்கள். 1618-19-ல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபைகளின் தோர்ட் சங்கம் அதற்குப் பதில் சொன்னது. அந்தப் பதிலைப் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். “ஒருமுறை இரட்சிக்கப்பட்டாச்சு, இனி எப்படி வேண்டுமானாலும் வாழலாம்” என்று அது சொல்லவே இல்லை. விசுவாசிகள் பயங்கரமாக விழக்கூடும் என்று தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே காட்டுகிறது. கொஞ்ச காலம் கிருபையின் உணர்வையே இழக்கக்கூடும் என்கிறது. ஆனால் தேவன் தம்முடையவர்களை முற்றிலும் விட்டுவிட மாட்டார்.

சங்கீதம் 51-ஐப் பாருங்கள். “உமது இரட்சண்யத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத் தந்து” என்று தாவீது கேட்கிறார். போனது சந்தோஷம். இரட்சிப்பைத் திரும்பத் தா என்று அவர் கேட்கவில்லை. கடைசிவரிசை பிரதரும் இதைத்தான் கவனிக்க வேண்டும். உங்கள் அழுகையை அளந்து பார்ப்பதை விட்டுவிட்டு, சிலுவையில் முடிந்ததைப் பாருங்கள். திரும்பி வராமலே போய்விடுகிறவர்களைப் பற்றி 1 யோவான் 2:19 தெளிவாகச் சொல்கிறது: “அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை.”

பழைய_நண்பன்

“நம்முடையவர்களாயிருக்கவில்லை” என்று எழுதுவது சுலபம் பிரதர். என்னை ஆண்டவரிடம் நடத்தியவர், எனக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர், என் ஞானஸ்நானத்தில் என் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கியவர், இன்று கிறிஸ்துவை மறுதலிக்கிறார். அவர் ஒருநாளும் விசுவாசியாக இருந்ததில்லை என்றால், என்னோடு முழங்காலில் நின்றது யார்? அவர் கண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். “பரிசுத்த ஆவியைப் பெற்றும்” என்று எபிரெயர் 6 யாரைச் சொல்கிறது?

ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். பந்தி முடிந்து ஓரமாக நின்றோம். “நீ இன்னும் ஜெபிக்கிறியா?” என்றார். “தினமும், அண்ணா” என்றேன். “எனக்காக மட்டும் பண்ணாதே.” குரலில் கோபமில்லை. நான் பதில் சொல்லவில்லை. வேறு ஏதேதோ பேசினோம். கிளம்பும்போது வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சரி, பண்ணு. வேணாம்னு சொன்னதை விட்டுடு.”

அந்த “பண்ணு” என்பது எங்கிருந்து வந்தது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முற்றிலும் செத்துப்போன இடத்திலிருந்து அது வருமா?

நான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழியில் வளர்ந்தவன். விழுந்தவர்கள் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விக்கு அவர் ஒரு பிரசங்கத்தில் நேராகவே பதில் சொன்னார்: ஒருவர் அல்ல, நூறு பேர் அல்ல, பல ஆயிரம் பேர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள் என்று. ரோமர் 11-ல் வெட்டப்பட்ட கிளைகளைப் பற்றியே, “அவர்களை மறுபடியும் ஒட்டவைக்கிறதற்கு தேவன் வல்லவராயிருக்கிறாரே” என்று பவுல் எழுதுகிறார். வெட்டப்படவே இல்லை என்றால் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கிருபை_மட்டும்

பழைய_நண்பன் அவர்களே, ரோமர் 11 யூதரையும் புறஜாதியாரையும் பற்றிப் பேசுகிற இடம். தனி ஆளின் இரட்சிப்பை அங்கே பொருத்துவதில் கவனம் தேவை. ஆனால் உங்கள் அண்ணன் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர் கதை முடியவில்லை. கதை முடியாத ஒருவரைப் பற்றி 1 யோவான் 2:19-ஐ யாரும் சொல்லக் கூடாது, நானும்தான். பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே ஆண்டவர், “உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டார். நீங்கள் தொடர்ந்து ஜெபியுங்கள்.

மெழுகுவர்த்தி

நான் கத்தோலிக்கர். இங்கே நடக்கிற வாக்குவாதம் எங்களுக்குக் கொஞ்சம் தூரமானது. சாவான பாவத்தால், அதாவது தெரிந்தே செய்த கனமான பாவத்தால், அருளை இழக்கலாம், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) திரும்பப் பெறலாம் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே மறைக்கல்வியில் வந்துவிடும். 1547-ல் எங்கள் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தைக் கப்பல் உடைந்தபின் பற்றிக்கொள்ளும் இரண்டாவது பலகை என்று பழைய திருச்சபைத் தந்தையர் சொன்னதை அந்தச் சங்கமும் எடுத்துக்கொண்டது.

தெரிந்திருப்பது வேறு, போய் நிற்பது வேறு. நான் கோயில் பக்கம் போகாமல் பல வருஷம் இருந்தேன். திரும்பிப் போன அன்று சொல்ல வேண்டியதை மனப்பாடமே செய்திருந்தேன். முழங்காலிட்டதும் முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டேன். “கடைசியாக நான் பாவசங்கீர்த்தனம் செய்து...” அதற்கு மேல் வரவில்லை. கணக்கு நினைவில் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் காத்திருந்தார். அப்புறம் மெதுவாக, “பரவாயில்லைம்மா, வந்திருக்கீங்கல்ல. ஞாபகம் இருக்கிற இடத்திலிருந்து சொல்லுங்க” என்றார்.

பாவமன்னிப்பு வாசகம் முடிந்தபோது எனக்குப் பெரிய உணர்ச்சி எதுவும் வரவில்லை. அதுதான் எனக்கு நிம்மதி. என் உணர்வை நம்பி இருந்தால் அன்றைக்கு வீட்டுக்கே திரும்பியிருக்க மாட்டேன்.

இரு_பிள்ளைகளின்_அம்மா

கடைசிவரிசை தம்பிக்குத்தான் எழுதுகிறேன். என் மூத்த மகள் பரீட்சை நேரத்தில் ராத்திரி விழித்திருக்கிறாள் என்று நினைத்து அறைக்குள் போனேன். போர்வைக்குள்ளிருந்து முணுமுணுப்பு. மன்னிப்பு ஜெபம். பாதியில் நிறுத்துகிறாள், முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். மறுபடி பாதியில் நிறுத்துகிறாள். “என்னம்மா?” என்றதும், “முழு மனசா சொல்லலைம்மா, செல்லாது” என்றாள். மனதுக்குள் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை தானாக வந்துவிட்டதாம். மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன், இரட்சிப்பு போய்விட்டது என்று மாதக்கணக்கில் இப்படியே இருந்திருக்கிறாள்.

தம்பி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இது உபதேசப் பிரச்சினை மாதிரி தெரியும், பல பேருக்கு அது ஓசிடி (OCD) என்கிற மனநோய். வேண்டாத எண்ணம் வரும், பயம் வரும், பயத்தைத் தணிக்க ஜெபமோ பாவ அறிக்கையோ திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் சந்தேகம் இன்னும் பலமாக வரும். பாஸ்டரிடம் போய் “நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா” என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் அதே சுழல்தான். அன்பாகப் பதில் சொல்லச் சொல்ல நோய் வளரும். இது எனக்கு மனநல மருத்துவர் சொல்லித்தான் புரிந்தது. சிகிச்சை இருக்கிறது: மருந்தும் உண்டு, எண்ணம் வரும்போது ஜெபத்தைத் திரும்பச் சொல்லாமல் அந்தப் பதற்றத்தோடு இருந்து பழகுகிற பயிற்சியும் உண்டு. “ஜெபிக்காதே என்கிறாரே டாக்டர்” என்று முதலில் பயந்தேன். அவர் தடுத்தது ஜெபத்தை அல்ல, பயத்தால் திரும்பச் சொல்வதை மட்டும்தான்.

மத்தேயு 12-ல் ஆண்டவர் யாரை எச்சரித்தார்? கண்ணெதிரே நடந்த நன்மையைப் பார்த்தும் அது பெயெல்செபூலின் வேலை என்று சொன்ன பரிசேயரை. தனக்கு மன்னிப்பு இல்லையோ என்று அழுகிற பிள்ளையை அல்ல. “மோட்சப் பிரயாணம்” எழுதிய ஜான் பன்யனுக்கும் “கிறிஸ்துவை விற்றுவிடு” என்ற எண்ணம் ஓயாமல் வந்தது. தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்ற ஏசா கண்ணீர்விட்டும் ஆசீர்வாதத்தைத் திரும்பப் பெறாததைச் சொல்லும் எபிரெயர் 12-ஐ வாசித்து வெகுகாலம் நடுங்கினார். அவரும் கைவிடப்படவில்லை. தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். சபை மூப்பரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள்.

கடைசிவரிசை

அம்மா, எனக்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். எங்கள் முகாமில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். அவனிடம் பேசப் போகிறேன். உங்கள் மகள் இப்போது எப்படி இருக்கிறாள்?

இரு_பிள்ளைகளின்_அம்மா

நன்றாக இருக்கிறாள் தம்பி. சில வாரம் தடுமாறுவாள், சமாளித்துவிடுவாள்.

சபைச்செயலர்

இழக்க முடியுமா என்பதைவிட, திரும்பி வந்தவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் சபையில் ஒரு சகோதரி வேறு வழிக்குப் போய், திரும்பி வந்தார். எல்லோர் முன்பாகவும் அறிக்கை செய்தார். முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத் தட்டு வரிசையாக வந்தது. பரிமாறியவர் அவர் முன்னால் வந்ததும் தட்டைச் சற்றே உயர்த்தி, அடுத்தவருக்கு நீட்டிவிட்டார். அந்தச் சகோதரி ஏற்கனவே கையை நீட்டியிருந்தார். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

கமிட்டியில் கேட்டேன். “கொஞ்ச காலம் பார்ப்போம்” என்றார்கள். எவ்வளவு காலம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய சபை இதைவிடக் கடினமான நிலைமையைச் சந்தித்திருக்கிறது. 250-ல் ரோமப் பேரரசன் தேசியு எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது ஏராளமான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பலியிட்டதாகச் சான்று வாங்கிக்கொண்டார்கள். துன்பம் ஓய்ந்ததும் திரும்பச் சேர வந்தார்கள். ரோமில் நோவாத்தியன் என்ற குரு, சபை அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று பிரிந்து போனார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயராக இருந்த சிப்ரியான் அப்படிச் செய்யவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உடனே கொடுக்கவும் இல்லை. 251-ல் ஆயர்கள் கூடி, சான்று வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்கள் மனந்திரும்புதலில் நிலைத்திருந்தால் மரணத் தறுவாயில் சேர்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். அடுத்த துன்பம் நெருங்கியபோது அவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். போராட்டத்துக்குப் போகிறவர்களை ஆயுதமில்லாமல் அனுப்பக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அது கடுமைதான். ஆனால் அங்கே ஒரு ஒழுங்கு இருந்தது, காரணம் இருந்தது, முடிவு இருந்தது. எங்களிடம் உயர்த்திப் போன ஒரு தட்டு மட்டும்தான் இருந்தது. அந்தச் சகோதரி இன்னும் வருகிறார், திருவிருந்துக்கு முன் எழுந்து போய்விடுகிறார். அடுத்த கமிட்டியில் மறுபடி எழுப்பப் போகிறேன். உங்கள் சபைகளில் ஒழுங்குமுறை ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பழைய_நண்பன்

எங்களிடம் போதகர் தனியாகச் சந்திப்பார், சேர்ந்து ஜெபிப்பார், அதே வாரம் திருவிருந்து உண்டு. எழுதி வைத்த விதி இல்லை.

கிருபை_மட்டும்

ஐயா, இழக்க முடியும் என்பவர்களும் முடியாது என்பவர்களும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். கமிட்டிக்கு 2 கொரிந்தியர் 2-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். கண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றி பவுல் எழுதுகிறார்: அவன் “அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு” மன்னித்து ஆறுதல்செய்ய வேண்டும் என்று. அவனுக்கு விதித்த தண்டனை போதும் என்று அதற்கு முந்தின வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். “கொஞ்ச காலம் பார்ப்போம்” என்று அங்கே எங்கேயும் இல்லை.