பெல்ஜியத்தில் கார் வராத சைக்கிள் பாதை: ராவெலா, எண் பாதையா?

நாமூர்வாசி எழுதியது:

போன வாரம் வேறோர் இழையில் ஒருவர், "பிள்ளைகளோடு நிம்மதியாகச் சைக்கிள் ஓட்ட, கார் தொல்லை இல்லாத கிராமத்துப் பாதை பெல்ஜியத்தில் எங்கே?" என்று கேட்டிருந்தார். பதில் சொன்னவர்களில் பாதிக்கு மேல், நாட்டின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸின் எண் பாதைகளை, அதாவது சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்ட சைக்கிள் வழிகளைக் கைகாட்டியிருந்தார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எண் பாதையில் கார் வரும். குறைவாக வரும், அவ்வளவுதான். பண்ணை வீட்டுக்காரர், தபால் வண்டி, குறுக்குவழி தேடுகிறவர் எல்லோருக்கும் அதுதான் சாலை. கார் நுழையவே முடியாத நீளமான பாதை வேண்டுமென்றால் தெற்கே எங்கள் வலோனியாவுக்கு வாருங்கள். 1995ல் ஆரம்பித்த ராவெல் திட்டத்தில் மூடிய ரயில் தடங்களையும் ஆறு, கால்வாய்க் கரைகளையும் எடுத்துச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். இப்போது 1,400 கி.மீ.க்கு மேல். ரயில் ஓடிய தடம் என்பதால் மூச்சு வாங்கும் ஏற்றம் கிடையாது. எங்கள் ஊரான நாமூரிலிருந்து ஜொதுவான், ஹூகார்டன் வழியாகத் தீனன் வரை பழைய 142ஆம் தடத்தில் போகலாம். எட்டு வயதுப் பிள்ளையை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் பேசிக்கொண்டே வரலாம். எண் பாதையில் இதைச் செய்வீர்களா?

லிம்பர்க் சைக்கிள்காரன் எழுதியது:

செய்வேன், செய்தும் இருக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியே கோணலாக இருக்கிறது சார். கார் இல்லை என்ற ஒன்றுக்காக மட்டும் பாதையைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும் புதர், நடுவில் நேர்கோடு. மேட்டை வெட்டி ரயில் விட்ட இடங்களில் மண்சுவரைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. பிள்ளைகள் அரை மணி நேரத்தில் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எண் பாதை எங்கள் மாகாணத்தில் பிறந்த கதை பலருக்குத் தெரியாது. இங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1992ல் மூடியது. ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர், சுரங்கத்துக்குள் வழி தவறாமலிருக்கச் சந்திப்புகளுக்கு எண் போடும் வழக்கத்தைத் தரைக்கு மேலே கொண்டுவந்தார். 1995ல் லிம்பர்க்கில் தொடங்கியது. பிறகு நெதர்லாந்தும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண். அங்கிருந்து அடுத்து எந்தெந்த எண்ணுக்குப் போகலாம் என்று அம்புக்குறி. எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும், போனைத் தொட வேண்டாம். மழை வந்தால் பாதியில் வெட்டித் திரும்பலாம். ராவெலில் பாதியில் களைத்தால் வந்த வழியே திரும்பி வர வேண்டியதுதான்.

அப்புறம், போக்ரெய்க் பக்கம் குளத்தைப் பிளந்துகொண்டு போகிறதே 212 மீட்டர் பாதை, அது 2016ல் திறந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கும், அன்னம் உங்கள் முகத்துக்கு நேரே நீந்திப் போகும். ஹெக்டல்-எக்ஸலில் மரங்களுக்கு நடுவே பத்து மீட்டர் உயரம் வரை சுற்றிச் சுற்றி ஏறும் வட்டப் பாதை. இரண்டிலும் கார் கிடையாது. இரண்டுமே எண் பாதை வலையில்தான் இருக்கின்றன.

அன்ட்வெர்ப் அண்ணை எழுதியது:

இரண்டு பேரும் கார், கார் என்று சண்டை பிடிக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரைக்கு வந்து பாருங்கோ தம்பிமாரே. பாதை வடிவான பாதைதான். ஆனால் ஒரே நிறச் சட்டை போட்ட பந்தயச் சைக்கிள் கூட்டம் பதினைந்து பேர் பின்னால் வருவார்கள். மணி அடிக்க மாட்டார்கள், ஒரு சத்தம் போடுவார்கள். அதற்குள் உங்கட பிள்ளை இடமா வலமா என்று தடுமாறிவிடும். போதாததற்கு 45 கி.மீ. வேகம் வரை போகிற மின்சைக்கிள். அதற்கு இங்கே ஓட்டுநர் உரிமம் வேண்டும், எண்தகடு வேண்டும், ஹெல்மெட் வேண்டும். அப்படியான வண்டியைச் சைக்கிள் என்று சொல்லுவதா? கார் வராத பாதை என்றால் ஆபத்து வராத பாதை என்று அர்த்தமில்லை.

நாமூர்வாசி எழுதியது:

அண்ணை, ராவெல் மாதிரித் தனிப்பாதைகளில் 30 கி.மீ.தான் உச்ச வேகம். அது போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. மீறுகிறவர்கள் உண்டுதான். ஆனாலும் சைக்கிள் மோதினால் முழங்கால் சிராய்க்கும். கார் மோதினால்? இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

லிம்பர்க் நண்பருக்கு: குளத்துப் பாதை 212 மீட்டர். அதற்கு முன்னும் பின்னும்? நீங்கள் நல்ல நல்ல துண்டுகளாகப் பொறுக்கிக் காட்டுகிறீர்கள், நான் முழுநாள் பாதையைப் பற்றிப் பேசுகிறேன்.

மேட்டுக்காரி எழுதியது:

முழுநாள் என்ன, மூன்று நாள் பாதையே இருக்கிறது. ஃபென்பானை ஒருவரும் இன்னும் சொல்லவில்லையே!

ஜெர்மனியின் ஆஹனில் தொடங்கி லக்சம்பர்க்கின் ட்ருவாவியெர்ஜ் வரை 125 கி.மீ. நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றிப் போவதற்காக 1880களில் போட்ட ரயில் தடம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தத்தின் வழியே தடம் பெல்ஜியத்துக்குப் போனது. அதனால் இன்றும் ஒரு விநோதம்: சில இடங்களில் நீங்கள் மிதிக்கும் தார் மட்டும் பெல்ஜியம், இரண்டு பக்கமும் ஜெர்மனி. அப்படி வெட்டுப்பட்டு, நாலா பக்கமும் பெல்ஜியம் சூழ நிற்கும் ஜெர்மானியத் துண்டுகள் ஐந்து. ரயில் போய்ச் சைக்கிள் வந்த பிறகும் எல்லை மாறவில்லை. என் மகன் ஒரு காலைப் பாதையிலும் ஒரு காலைப் புல்லிலும் ஊன்றிக்கொண்டு, "இப்போ நான் எந்த நாடு?" என்று கேட்டான். வரலாற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

சரிவு இரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். ஸூர்ப்ரோட் பக்கம்தான் உச்சி, 550 மீட்டருக்குச் சற்று மேல். அங்கே ஃபான் சதுப்பு மேட்டின் குளிர் ஜூனிலும் எலும்பைத் தொடும், ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். ஆஹன் தாழ்வில் இருப்பதால் தெற்கே ட்ருவாவியெர்ஜிலிருந்து கிளம்பினால் உடம்புக்குச் சுகம். ஒரே ஓர் எரிச்சல்: லக்சம்பர்க் எல்லையில் பழைய சுரங்கப்பாதையை வௌவால்களுக்காக மூடி வைத்திருக்கிறார்கள், மலை மேலே ஏறிச் சுற்றிப் போக வேண்டும். வௌவால்களுக்கும் வீடு வேண்டும்தானே, மன்னித்துவிட்டேன்.

லிம்பர்க் சைக்கிள்காரன் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்தால் நாளைக்கே கிளம்பத் தோன்றுகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எப்படிப் போய்ச் சேருவது? அந்தப் பக்கத்து ஊர்களான மால்மெடிக்கோ ஸங்க்ட் ஃபித்துக்கோ பயணிகள் ரயில் கிடையாது. கார் கூரையில் நாலு சைக்கிளைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். கார் வராத பாதைக்குப் போக ஒரு கார் வாங்க வேண்டும் போலிருக்கிறது! வாகன நிறுத்துமிடத்தை ஞாயிறு காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள், தெரியும்.

நான் வீட்டு வாசலில் ஏறுகிறேன், வாசலில் இறங்குகிறேன். இடையில் சந்திப்பது இரண்டு டிராக்டர், மூன்று கார். யாருடைய நாள் அமைதியான நாள்?

காற்றுக்கு எதிரே எழுதியது:

டிராக்டர் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். நான் மேற்கு ஃபிளாண்டர்ஸ், ப்ரூஜ் பக்கம். எண் பாதையில் பெரும்பகுதி வயல்களுக்கு நடுவே போட்ட கான்கிரீட் சாலை. மே மாதத்தில் சொர்க்கம். அக்டோபரில் வாருங்கள். சர்க்கரைக் கிழங்கு அறுவடை. ஆள் உயரச் சக்கரம் வைத்த டிராக்டர், பின்னால் கிழங்கு குவித்த டிரெய்லர், சாலையின் முழு அகலமும் அதுதான். நீங்கள் புல்லில் இறங்கித்தான் ஆக வேண்டும். அது போன பிறகு கான்கிரீட் மேல் விரல் தடிமனுக்குச் சேறு. அதன் மேல் தூறல் விழுந்தால் டயர் சோப்பில் போன மாதிரி வழுக்கும். நீலப் பலகையில் டிராக்டர், நடப்பவர், சைக்கிள், குதிரை நான்கும் வரைந்திருந்தால் அந்த வழி விவசாயிக்கும் சொந்தம் என்று பொருள். அவர் வேலை பார்க்கிறார், நாம் காற்று வாங்கப் போகிறோம். வழி விடுவதில் எனக்கு வருத்தமில்லை. அதைக் "கார் இல்லாத பாதை" என்று விளம்பரப்படுத்துவதில்தான் வருத்தம்.

கால்வாய்க் கரை கேட்பவர்களுக்கு டாமெ கால்வாய். நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாய், ப்ரூஜிலிருந்து ஸ்லவுஸ் வரை சுமார் 15 கி.மீ., கரை நெடுக நெட்டைப் பாப்லர் மரங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஏன் என்று போகும்போது தெரியாது, திரும்பும்போது தொடை சொல்லும். வழியில் இணையாக ஓடும் இரண்டு கால்வாய்களைக் கடப்பீர்கள். ஊர்க்காரர்கள் ஒன்றை மினுக்கி என்றும் இன்னொன்றை நாற்றக்காரி என்றும் கூப்பிடுகிறார்கள். லெய் ஆற்றில் லினன் துணிக்கான ஆளிநார் ஊறப்போட்ட காலத்துத் தண்ணீர் வந்து வாங்கிய பெயர் இந்த நாற்றக்காரி. இப்போது நாறுவதில்லை.

நாமூர்வாசி எழுதியது:

நன்றி, என் கட்சிக்கு ஓர் ஓட்டு.

ரயில் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். ஃபென்பான் தெற்கில் முடியும் ட்ருவாவியெர்ஜிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அதே லியேஜ்-லக்சம்பர்க் தடத்தில் ட்ருவா-பானில் இறங்கினால் ஸ்டாவ்லோ, மால்மெடி வழியாக வேம் வரை இன்னொரு பழைய ரயில் தடம் போய் ஃபென்பானோடு சேர்கிறது. போகும்போது மெல்ல ஏற்றம், திரும்பும்போது மெல்ல இறக்கம், பிள்ளைகளுக்கு அந்த வரிசைதான் நல்லது. அதுவும் தூரமென்றால் நாமூரிலிருந்து தினாந் வரை மேஸ் ஆற்றோரம், முப்பது கி.மீ.கூட இல்லை. வெபியோனில் ஸ்ட்ராபெரிக் கடைகள், கோடையில் அவற்றைத் தாண்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதே கஷ்டம். களைத்தால் பாலம் தாண்டி லூஸ்தான், கோதின், இவ்வார் எதிலாவது ரயில் பிடித்துவிடலாம். மடக்கு சைக்கிளுக்கு ரயிலில் கட்டணமும் இல்லை.

டிரெய்லர் அம்மா எழுதியது:

ராவெலைப் புகழ்கிறவர்கள் யாரும் குழந்தை டிரெய்லர் இழுத்ததில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு சாலைக் குறுக்கீட்டிலும் வழிவிட வேண்டியது நாம்தான். அதுகூடப் பரவாயில்லை. கார் நுழையாமலிருக்கப் பல இடங்களில் முன்னொன்று பின்னொன்றாகக் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். சைக்கிள் வளைந்து போய்விடும், டிரெய்லர் போகாது. உள்சக்கரம் கம்பியில் மாட்டும். இறங்கி, கொக்கியைக் கழற்றி, குழந்தையோடு டிரெய்லரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி மாட்ட வேண்டும். அடுத்த குறுக்கீட்டில் மறுபடியும். சரக்கு சைக்கிள், மூன்று சக்கர வண்டி வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகள் கதி இன்னும் மோசம். காரைத் தடுக்க வைத்த கம்பி யாரைத் தடுக்கிறது பாருங்கள். எண் பாதையில் இந்தப் பிரச்சினை எனக்கு அவ்வளவாக வந்ததில்லை.

லிம்பர்க் சைக்கிள்காரன் எழுதியது:

இதோ, என் கட்சிக்கும் ஓர் ஓட்டு.

நாமூர்வாசி எழுதியது:

அம்மா சொல்வது நியாயமான புகார். தடுப்புகளின் இடைவெளியை அகலமாக்க வேண்டும், கார் நுழைவதைத் தடுக்க நடுவில் ஒற்றைக் கம்பம் போதும். ஆனால் அதற்காகப் பிள்ளையைக் காரோடு விடு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த முறை டிரெய்லரோடு போவதென்றால் பழைய ரயில் தடத்தை விட்டுவிட்டு மேஸ் கரையைப் பாருங்கள், அங்கே தடுப்பு குறைவு.

லிம்பர்க் சைக்கிள்காரன் எழுதியது:

அங்கே தடுப்பு குறைவு, ஏனென்றால் கரையில் வீடு வைத்திருப்பவர்களின் கார் அந்த வழியே போகும் துண்டுகள் இருக்கின்றன. அதாவது, எண் பாதை மாதிரி.

நாமூர்வாசி எழுதியது:

துண்டுகள், நண்பரே. துண்டுகள். உங்கள் 212 மீட்டர் மாதிரி.

அன்ட்வெர்ப் அண்ணை எழுதியது:

சரி, இந்தச் சண்டை முடியாது. கேள்வி கேட்ட ஆளுக்குப் பிள்ளைகளின் வயது என்ன, சொந்தச் சைக்கிளா வாடகையா என்று யாராவது கேட்டீர்களா? வாடகை என்றால் சின்னப் பிள்ளைகளின் அளவில் சைக்கிள் எல்லாக் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லி வைக்கச் சொல்லுங்கோ. சனி, ஞாயிறை விட்டுட்டு ஒரு செவ்வாய் காலையில போகச் சொல்லுங்கோ. நீங்கள் இரண்டு பேரும் சொல்லுகிற பாதை எதுவாக இருந்தாலும் அன்றைக்கு வெறிச்சோடிக் கிடக்கும்.