பழைய தேக்குல கிட்டார் பில்டு: எந்த ஃபிக்ஸ்டு பிரிட்ஜ் போடலாம்?

வாசக்கால்:
வணக்கம் மக்களே. மயிலாப்பூர்ல பாட்டி வீட்ட இடிச்சப்போ வாசக்கால் தேக்கு கொஞ்சம் என் பங்குக்கு வந்துச்சு, அத மூணு துண்டா ஒட்டி டெலி (ஃபெண்டர் டெலிகாஸ்டர்) ஷேப்ல பாடி வெட்டி வச்சிருக்கேன், 44 எம்எம் தடிமன், ஆணி அடிச்ச ஓட்டை ரெண்டு தெரியுது அத அப்படியே விட்டுட்டேன். நெக் ஆன்லைன்ல வாங்குனது, 25.5 இன்ச் ஸ்கேல் (நெக் மேல் முனையில இருக்கற நட்டுலருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம்), 22 ஃப்ரெட் (நெக்ல குறுக்க பதிச்ச உலோகக் கோடு), போல்ட்-ஆன் (ஸ்க்ரூ போட்டு மாட்டறது). நெக் பாக்கெட் (பாடியில நெக் உக்காருற பள்ளம்) இன்னும் ரவுட் பண்ணல. ட்ரெமலோ (பிரிட்ஜ ஆட்டுற கைப்பிடி) வேணாம்னு முடிவு பண்ணியாச்சு, இப்ப பாடியில கம்பி உக்காருற பிரிட்ஜ்லதான் குழப்பம். எனக்கு டியூன்-ஓ-மேட்டிக்தான் (ரெண்டு தூண் மேல நிக்கற பிரிட்ஜ்) பாக்க கெத்தா இருக்கு, கடையில ஹார்ட்டெயில் (பாடியில நேரா திருகுற தட்டு) போடுங்கிறாங்க, ஃப்ரெண்டு ஒருத்தன் வ்ராப்அரவுண்டுங்கிறான் (கம்பி பிரிட்ஜையே சுத்தி வர்றது). எல்லாமே ஃபிக்ஸ்டுதானே, அப்படி என்ன வித்தியாசம்? வீடு திருவான்மியூர், பீச்சுக்கு ரெண்டு தெரு தள்ளி, அதனால துருவும் ஒரு கவலை.

உளிச்சத்தம்:
பாக்கெட் இன்னும் வெட்டலன்னு சொன்னீங்க பாருங்க, அதான் நல்ல சேதி. பிரிட்ஜ் அழகுல முடிவாகறது இல்ல ப்ரோ, உயரத்துல முடிவாகுது. ஃபெண்டர் டைப் நெக்கோட அடிப்பகுதி 25.4 எம்எம் இருக்கும், பாக்கெட் வழக்கமா 16 எம்எம் ஆழம், அப்ப ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேல 9.5 எம்எம்தான் நிக்கும். ஃப்ரெட் உயரம், ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி) எல்லாம் சேத்தா பிரிட்ஜ் கிட்ட கம்பி சுமார் 13 எம்எம்ல போகணும். ஹார்ட்டெயில் சேடில் (பிரிட்ஜ்ல கம்பி உக்காருற குட்டித் துண்டு) இந்த உயரத்துக்குன்னே பண்ணது. டியூன்-ஓ-மேட்டிக்க அடிமட்டத்துக்கு எறக்குனாலும் 16 கிட்ட நின்னுக்கும். பிரிட்ஜ்ல 3, 4 எம்எம் ஏறுனா 12வது ஃப்ரெட்ல அதுல பாதி ஏறும், 2 எம்எம்ல இருக்க வேண்டிய கம்பி 4 கிட்ட போயிடும், பாரே (ஒரே விரலால எல்லா கம்பியையும் அழுத்தறது) புடிக்கறதுக்குள்ள விரல் கழண்டுடும். கிப்சன் லெஸ் பால் கிட்டார்ல நெக்க 3, 4 டிகிரி சாய்ச்சு ஒட்டுறது இதுக்காகத்தான். வ்ராப்அரவுண்டுக்கும் இதே கதைதான், அதுல பழைய மாடலா இருந்தா ஒவ்வொரு கம்பிக்கும் தனியா இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சேர்றது) வைக்கவும் முடியாது.

பறக்கும்ரயில்:
உளி அண்ணே சொல்றது சரி, ஆனா ஒரு வழி இருக்கு. பாக்கெட்ட 16க்கு பதிலா 12.5ல நிறுத்துனா நெக் மேல ஏறிடும், டியூன்-ஓ-மேட்டிக் போடலாம். அப்புறம் பிக்கப்பையும் (கம்பி அதிர்வ எடுக்கற காந்தம்) உயரமான ரிங் வச்சு தூக்கணும், பாக்கவும் கழுத்து நீட்டுன ஆமை மாதிரி இருக்கும். நான்னா பண்ண மாட்டேன்.

உயரத்த விட ஆளுங்க மறக்கறது அகலம். ஹார்ட்டெயில்லயே ரெண்டு அளவு வருது, ஈ கம்பிலருந்து ஈ கம்பி வரைக்கும் விண்டேஜ்னா 54 எம்எம், மாடர்ன்னா 52.5. சைனா நெக் கொஞ்சம் ஒல்லியா இருந்து நீங்க 54 போட்டீங்கன்னா மேல வாசிக்கறப்போ சின்ன கம்பி போர்டு ஓரத்துல வழுக்கி விழும். வாங்கறதுக்கு முன்னாடி நட்டுலருந்து பூ கட்டுற நூல ரெண்டு ஓரமும் இழுத்து அந்த அளவுல டேப் போட்டு ஒட்டிப் பாருங்க, கடைசி ஃப்ரெட்ல ரெண்டு பக்கமும் சமமா எடம் விடுதான்னு தெரிஞ்சிடும்.

மொட்டைமாடி_ரிஃப்:
நான் பண்ண தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. ஸ்ட்ரிங்-த்ரூ (கம்பி பாடிய துளைச்சு பின்பக்கத்துலருந்து வர்றது) ஹார்ட்டெயில் வாங்கிட்டு மொட்டை மாடியில உக்காந்து கை டிரில்லாலேயே மேலருந்து ஆறு ஓட்டையும் போட்டேன். மேல நூல் புடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு, திருப்பிப் பாத்தா பால் பல்லு விழுந்து மொளைச்ச புள்ள வாய் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் நிக்குது! ஃபெரூல் (பின்பக்க ஓட்டையில மாட்டற குட்டி வளையம்) வேற அத இன்னும் எடுத்துக் காட்டுச்சு. 44 எம்எம் தேக்குல பிட்டு கண்டிப்பா விலகும், தெரிஞ்ச லேத் பட்டறையில பெஞ்ச் டிரில் இருந்தா கெஞ்சி வாங்கிடுங்க. இல்லன்னா டாப்-லோட் (கம்பிய பிரிட்ஜ்லயே மாட்டறது) ஹார்ட்டெயில் போடுங்க, சஸ்டெய்ன் (சத்தம் நீடிக்கறது) குறையும்பாங்க, என் காதுக்கு ஒண்ணும் தெரியல.

இன்னொன்னு, எர்த் ஒயர். பிரிட்ஜ திருகறதுக்கு முன்னாடி அதுக்கு அடியிலருந்து கன்ட்ரோல் கேவிட்டிக்கு (வால்யூம், ஒயரிங் இருக்கற குழி) ஒரு ஓட்டை போட்டுடுங்க. நான் மறந்துட்டு எல்லாத்தையும் மாட்டி ஆம்ப் போட்டா ஒரே உர்ர்ர், கம்பிய தொட்டாலும் அடங்கல, மறுபடி மொத்தத்தையும் கழட்டுனேன்.

துருவுக்கு: பிளேட் போறதுக்கு முன்னாடி போறது சேடில்ல இருக்கற குட்டி ஆலன் ஸ்க்ரூதான், நம்ம ஊரு வேர்வையும் உப்புக் காத்தும் சேந்து அத அப்படியே புடிச்சுக்கும். பித்தளை, இல்லன்னா ஸ்டெயின்லெஸ் சேடிலா பாத்து வாங்குங்க, ஸ்க்ரூவுக்கு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காண்ணெய் வேணாம், பிசுக்கு புடிச்சுக்கும், எனக்குத் தெரியும்.

வாசக்கால்:
நூல் இழுத்துப் பாத்தேன், 54க்கு ஓரத்துல எடமே இல்ல, 52.5 கரெக்டா உக்காருது. அப்ப மாடர்ன் ஹார்ட்டெயில், பித்தளை சேடில், பாக்கெட் 16. கெத்து போச்சு, பரவால்ல. நட்டுலருந்து 648 எம்எம்ல (அதான் 25.5 இன்ச்) எந்த எடத்த வைக்கணும், ஸ்க்ரூ ஓட்டையவா?

உளிச்சத்தம்:
ஐயோ இல்ல, சேடில்ல கம்பி உக்காருற எடத்த. சின்ன ஈ சேடில நல்லா முன்னாடி (நட்டுப் பக்கம்) திருகி, இன்னும் 1, 2 எம்எம் முன்னாடி போற மாதிரி வச்சுட்டு அந்த எடத்த 648ல வைங்க. தடி ஈ எப்படியும் அதுலருந்து 2, 3 எம்எம் பின்னாடி போகும். நட்டுலருந்து 12வது ஃப்ரெட் 324 வருதான்னு மொதல்ல அளந்துக்கோங்க, ஆன்லைன் நெக்க நம்ப முடியாது. ஓட்டை போடறதுக்கு முன்னாடி டேப் ஒட்டி மார்க் பண்ணி ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றோம்.